நாற்பது வயதுக்கு மேல் வில்லில் உட்கார நினைப்பது அசட்டுத் துணிச்சலா?

வேளிமலை நிழல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மகன் பிளஸ் டூ படிக்கிறான். என் தந்தை வில்லிசைக் குழு ஒன்றில் குடம் அடித்தவர். கொடை எனப்படும் கோயில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் அவர் வீட்டில் தங்கும் இரவுகள் குறைவு. இசக்கியம்மன் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் பள்ளிப் பாடங்களுக்கு முன்பே காதால் படித்து வளர்ந்தவள் நான். வில்லில் உட்கார்ந்து ஒரு கதையை முழுமையாகப் பாட வேண்டும் என்பது சிறுவயதிலிருந்தே உள்ள ஆசை. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் வழக்கமாகப் பாடும் புலவர், ஒரு வீட்டு விசேஷத்தில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, வருகிற கொடையில் பகல் நேரத்தில் ஒரு மணி நேரம் என்னைப் பாட வைக்கலாமா என்று தாமாகவே கேட்டிருக்கிறார். கேட்ட அன்று மகிழ்ச்சியாக இருந்தது; மறுநாளிலிருந்து பயம்தான். குரல் போதுமா, இத்தனை வயதுக்கு மேல் பழகி எதைச் சாதிக்கப் போகிறேன், ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று மனம் ஓயாமல் கேட்கிறது. அண்ணனிடம் சொன்னபோது, “ஒனக்கு இதெல்லாம் தேவையா பிள்ளே? நமக்கு எதுக்கு?” என்றார். கணவர் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை.

இந்தத் தயக்கம் தீர்ந்த பிறகு சம்மதம் சொல்வதா, சம்மதம் சொல்லிவிட்டுத் தயக்கத்தைப் பார்த்துக்கொள்வதா? இப்படி ஒரு கட்டத்தைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கரும்பலகை

வணக்கம் அம்மா. நெடுங்காலம் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வியாகத் தோன்றினாலும் அதற்குள் பல கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. குரலைப் பற்றிய ஐயம் வேறு, வயதைப் பற்றிய ஐயம் வேறு, ஊர்வாய்க்கு அஞ்சுவது முற்றிலும் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ‘என்னால் முடியுமா’ என்று கேட்டால், உலகத்தில் எந்தப் பதிலும் அதற்குப் பொருந்தாது. தனித்தனியாகக் கேட்டால் பாதிக்கு மேல் விடை சொல்லிவிடலாம்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில், ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். அவர் காட்டிய வழிகளுள் மிகவும் வலுவானது, தானே செய்து பார்த்துப் பெறும் அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் அதைச் செய்வதைக் கண்ணால் காண்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்கச் சொற்களும், நெஞ்சு படபடக்கும்போது அதை நாம் எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பதும் மற்றவை. நம் வீடுகளிலோ ஊக்கமும் சொல்லால்தான், தடையும் சொல்லால்தான். அண்ணன் ஒரு வாக்கியம் சொல்கிறார், நாங்கள் இங்கே நாலு வாக்கியம் சொல்கிறோம், இரண்டுமே வலுக்குறைந்தவை. பாடிப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து தயக்கத்தைத் தீர்க்க முயல்வது, இருப்பதிலேயே வலுவான வழியை அடைத்துவிட்டு மற்ற வழிகளில் தேடுவதாகும்.

வயதைப் பற்றி ஒன்று. நம் நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி, இளமையில் கேரளத்தில் வளர்ந்து மலையாளம் படித்தவர். தமிழை எழுதப் படிக்கக் கற்றதே பதினெட்டு வயதளவில்தான். அவருடைய உரைநடையில் ஒரு சொல்கூட அசட்டையாக விழுந்திருக்காது. அது பிந்திக் கற்றவரின் கவனம் என்பது என் சொந்த ஊகம். பதினெட்டும் நாற்பதும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. ஆனால் உங்களுக்கு மொழி புதிதல்ல, கதை புதிதல்ல, மெட்டும் புதிதல்ல. அமரும் இடம் மட்டுமே புதிது.

பெண் என்பதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. கொட்டாரம் பக்கத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி அம்மாள் சிறுமியாக வில்லில் அமர்ந்து, பல பத்தாண்டுகள் கோயில் கோயிலாகப் பாடி, 2018-இல் மறைந்தார். அந்தக் கதவு உங்களுக்கு முன்பே திறக்கப்பட்டுவிட்டது.

முட்டம் அலை

அக்கா, ஒன்றை நீங்களே எழுதிவிட்டு நீங்களே கவனிக்காமல் விட்டீர்கள். அந்தப் புலவர் தாமாகக் கேட்டிருக்கிறார். கொடையில் பாட்டு சொதப்பினால் ஊர்க்கமிட்டி கேட்பது அவரைத்தான்; அடுத்த வருடம் வேறு குழுவைப் பேசிவிடுவார்கள். தம் பெயரையும் பிழைப்பையும் வைத்து இரக்கத்துக்காக யாரும் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உங்கள் குரலைப் பற்றி உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

கொல்லங்கோடு கணக்கு

நான் சற்று எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன். சகோதரி தவறாக எண்ண வேண்டாம். தன்மீது வரும் ஐயத்தை ஒரு நோய் போலவும், அதை ஒழித்துக்கட்டினால்தான் வாழ்க்கை என்பது போலவும் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். என் நண்பர் ஒருவர் வளைகுடா வேலையை விட்டுவிட்டு மார்த்தாண்டத்தில் ஒளிப்பதிவு ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்கினார். தொடங்கும் முன்பு அவருக்கும் இரவில் தூக்கம் வரவில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ‘துணிந்து இறங்கு, பயம்தான் எதிரி’ என்று சொன்னார்கள். அந்தப் பயம் சொன்னதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அது மாதத் தவணையைப் பற்றியும், கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதங்களைப் பற்றியும் மிகச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் மனைவியின் நகைகள் வங்கியில் போய் உட்கார்ந்தன. அறிவுரை சொன்னவர்களில் ஒருவர்கூட வட்டி கட்ட வரவில்லை.

ஆகவே என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது நடக்காமல் போனால் எதை இழப்பேன், அதைத் திரும்ப எடுக்க முடியுமா’ என்பதே. வேலையை விட வேண்டுமா? வேண்டாம். கடன் வாங்க வேண்டுமா? வேண்டாம். மகன் படிப்புக்கு இடைஞ்சலா? கொடை நடக்கும் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள். தேர்வு நேரமாக இருந்தால் யோசிக்க வேண்டும். மற்றபடி இழப்பு என்பது ஒரு மணி நேரக் கூச்சம் மட்டுமே. எச்சரிக்கை செய்யத்தான் எழுத வந்தேன். ஆனால் என் கணக்கின்படியே நீங்கள் பாடலாம் என்றுதான் விடை வருகிறது.

குலசேகரம் பால்வெட்டு

கொல்லங்கோடு அண்ணன் சொன்ன கணக்கு சரியானது. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கனவு, தன்னம்பிக்கை என்று யார் பேச்செடுத்தாலும், பள்ளி ஆண்டு விழாவாக இருந்தாலும் சரி, கோயில் திருவிழா மேடையாக இருந்தாலும் சரி, இஸ்ரோவின் தலைவர்களாக உயர்ந்த கே. சிவன், வி. நாராயணன் ஆகிய இருவரின் பெயர்களும் வந்துவிடும். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் மேடையில் சொல்பவர்கள் முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் சொல்லிவிட்டு, இடையில் உள்ளவற்றை விழுங்கிவிடுகிறார்கள். சிவன் எடுத்த எடுப்பில் பொறியியல் படித்தவர் அல்லர், நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் முடித்த பிறகே சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரிக்குப் போய் 1980-இல் வானூர்திப் பொறியியல் பட்டம் பெற்றார். அவர் முனைவர் பட்டம் வாங்கியது 2006-இல், ஐம்பதை நெருங்கும் வயதில். நாராயணன் டிப்ளமோவும், பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ.யும் படித்த வழியில் வந்தவர். 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, 1989-இல் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்து, 2001-இல் முனைவராகி, 2025 ஜனவரியில் தலைவர் பொறுப்புக்கு வந்தார். அந்தந்தப் படியில் நின்றபோது அடுத்த படி மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உச்சியை மட்டும் காட்டி ஊக்கப்படுத்தினால் கேட்பவருக்குத் தாழ்வு மனப்பான்மைதான் மிஞ்சும். நானும் டிப்ளமோக்காரன் என்பதால் இந்த ஆதங்கம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

என் தகப்பனார் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், படிக்கிற காலத்தில் நானும் விடியலுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவருடன் போவேன். பட்டையைச் சீவும் கத்தி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி முடிச்சு விழும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவு. புதிதாகப் பழகுபவரை இளமரத்தில் யாரும் விடமாட்டார்கள். முறிக்கப் போகிற பழைய மரத்தில்தான் கையைப் பழக்குவார்கள். அங்கே எவ்வளவு காயம் பட்டாலும் நட்டம் இல்லை. உங்களுக்கு அப்படி ஒரு பழைய மரம் வேண்டும், அக்கா. கொடைக்கு முன்பே, குழுவினர் பயிற்சி செய்யும் இடத்திலோ, பக்கத்து ஊர்ச் சிறு கோயிலின் செவ்வாய் வெள்ளிப் பூசையிலோ, பிழை வந்தாலும் யாரும் பொருட்படுத்தாத இடமாகப் பார்த்துப் பாடிவிடுங்கள். கொடைப் பந்தல்தான் நீங்கள் முதன்முதலாகக் கைவைக்கும் மரம் என்று இருக்கக் கூடாது.

தோப்புப்பதி வடக்கு

இதுவரை எழுதிய எல்லோரும் ஐயத்தைத் தனியொருவரின் மனத்துக்குள்ளேயே தேடுகிறார்கள். எனக்கு அந்த அண்ணன் சொன்ன ‘நமக்கு எதுக்கு’ என்ற இரண்டு சொற்களில்தான் கண் நிற்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் சொன்னதையே சொல்லியிருப்பார்.

திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் இந்த மண்ணில் பெரும்பான்மையோருக்கு எது கூடும், எது கூடாது என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. தோளை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பல்லாண்டுகள் போராடி, 1859-இல்தான் அரசாணை பெற முடிந்தது. அந்தப் போராட்டக் காலத்தில்தான் சமயச் சீர்திருத்தவாதியான அய்யா வைகுண்டர் தம்மைத் தேடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்றும் அவருடைய வழிபாட்டுத் தலமான சாமித்தோப்புப் பதியில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள்; கருவறையான பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. தன்னைத் தாழ்ந்தவன் என்று நம்பவைக்கப்பட்ட ஒருவன், தலைப்பாகையோடு தன் முகத்தைத் தானே பார்த்து வணங்க வேண்டிவந்தால் அவனுக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் ‘உன்மேல் நம்பிக்கை வை’ என்று சொற்பொழிவு ஆற்றவில்லை. தலையில் துணியைக் கட்டச் சொன்னார்கள், கண்ணாடியின் முன் நிற்கச் சொன்னார்கள். கரும்பலகை ஐயா பண்டூராவை வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

தங்கச்சி, ‘நமக்கு எதுக்கு’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும்போது, இது உண்மையில் என்னுடைய குரல்தானா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். குரல் உடைகிறது, மூச்சு போதவில்லை என்பவை உங்களுடைய ஐயங்கள். அவற்றுக்கு மருந்து உண்டு. ‘நம்மைப் போன்றவர்களுக்கு இது ஆகாது’ என்பது இரவல் வாங்கியது. அதை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், சண்டை போடாமல்.

வேளிமலை நிழல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. கொடை ஆடி மாதக் கடைசியில்தான். மகனுக்குத் தேர்வு எதுவும் அப்போது இல்லை. கரும்பலகை ஐயா சொன்னபடி ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். வயது என்பதை எழுதியவுடனேயே அடித்துவிட்டேன். ஊர்வாய் என்பதை எழுதி, யார் யார் என்று பெயரைப் போட்டபோது மொத்தம் மூன்று பேர்தான் தேறினார்கள். அவர்களில் ஒருவர் கொடைக்கே வருவதில்லை. செல்பேசியில் பதிவு செய்து கேட்டதில், விருத்தம் நன்றாக இருக்கிறது. மேலே ஏறும் அடிகளில் மட்டும் மூச்சு முந்திக்கொள்கிறது.

கடைசியில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பயம். இசக்கியம்மன் கதை பாடும்போது சாமியாடிகளுக்கு அருள் வந்துவிட்டால் பாட்டை நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் எனக்கு அடி மறந்துவிட்டால் என்ன செய்வது? பட்டணத்து மேடை என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அம்மன் முன்னால் அப்படி முடியுமா?

அகத்தீஸ்வரம் வீசுகோல்

மக்களே, இப்போதுதான் நீ வில்லுக்காரி பேசுகிற மாதிரி பேசுகிறாய். ‘என்னால் முடியுமா’ என்று நீ கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. ‘அடி மறந்தால் என்ன செய்வது’ என்று கேட்கிறாய். இதற்கு எங்கள் தொழிலில் வழி இருக்கிறது.

வில்லில் யாரும் தனியாகப் பாடுவதில்லை. நீ ஒரு அடியைப் பாடி முடித்தால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் எல்லாப் புலவர்களும் அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறோம். அப்படியும் வரவில்லை என்றால் வசனத்தில் இறங்கிவிட வேண்டும். ‘அப்படியாகத்தானே அந்த நீலி என்ன செய்தாள்’ என்று கதையைப் பேச்சாக நகர்த்திக்கொண்டே போனால், தெரிந்த பாட்டு ஒன்று எதிரில் வந்து நிற்கும், அதில் ஏறிக்கொள். கதை தெரிந்தவருக்கு அடி மறப்பது பெரிய சங்கதியே அல்ல. அடிகளை மட்டும் மனப்பாடம் செய்து, கதையை உள்வாங்காதவருக்குத்தான் அது ஆபத்து. நீ குடம் அடித்தவரின் மகள். கதை உனக்குள் இருக்கிறது.

அருள் வரும் கட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதே. சாமியாடிகள் அசையத் தொடங்கும்போது வேகத்தை எவ்வளவு ஏற்ற வேண்டும், எப்போது வரத்து, அதாவது சாமியை வரவழைக்கும் பாட்டு, பாட வேண்டும் என்பது ஆண்டுக்கணக்கில் பழகி வருவது. புதிதாகப் பாடுகிற ஒருவரிடம் எந்தப் புலவரும் அதை விடமாட்டார். பகலில் ஒரு மணி நேரம் என்று அவர் அளந்து கொடுத்திருப்பதே அதற்காகத்தான். தேவைப்பட்டால் வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலை உன் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். அதை அவமானமாக நினைக்காதே, எங்கள் எல்லோரிடமும் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று. வில்லுப்பாட்டின் வரிசை உனக்குத் தெரியும். காப்பு பாடி, குருவடி பாடி, பிறகு அவையடக்கம் பாடுகிறோம். ‘நான் சிறியவள், கற்றது கொஞ்சம், பிழை இருந்தால் பெரியோர் பொறுக்க வேண்டும்’ என்று சபைக்கு முன்னால் பாடுவதற்கு நம் முன்னோர் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை கொடை பாடிய புலவரும் அதை விடுவதில்லை. எனக்கும் அந்த அடிகளைப் பாடும்போது இன்றும் கை லேசாக நடுங்கத்தான் செய்யும். ஆனால் அது சில அடிகள்தான். அதை நீட்டினால் கூட்டம் எழுந்து சுக்குக்காப்பி குடிக்கப் போய்விடும். அவையடக்கம் முடிந்ததும் வீசுகோல் நாணில் விழ வேண்டும், கதை நகர வேண்டும். நீ கொடைக்கு மாதக்கணக்கில் முன்பிருந்தே அவையடக்கம் பாடிக்கொண்டிருக்கிறாய்.

கொல்லங்கோடு கணக்கு

ஐயா சொன்னது அருமை. இருந்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், கூட்டம் சிரித்தால்?

அகத்தீஸ்வரம் வீசுகோல்

சிரிக்கட்டும். பகல் கொடையில் முன்வரிசையில் இருப்பவர்கள் குழந்தைகளும் பாட்டிமாரும். குழந்தைகள் எதற்கும் சிரிப்பார்கள். பாட்டிமாருக்குக் கதை நம்மைவிட நன்றாகத் தெரியும். வரிசை மாறினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்துவார்கள். அதைக் கேலி என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் நிலைகுலைந்து போகிறார்கள். ‘ஆமாம் ஆச்சி, அதுவும் நடந்தது’ என்று சேர்த்துப் பாடிவிட்டால் அவர்களே உனக்குப் பின்பாட்டு. பின்னால் நின்று செல்பேசியில் படம் பிடிக்கிற இளைஞர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை; அவர்கள் கல்யாண வீட்டிலும் அதையேதான் செய்கிறார்கள்.

வேளிமலை நிழல் (இழையைத் தொடங்கியவர்)

புலவரிடம் சம்மதம் சொல்லிவிட்டேன் ஐயா. அண்ணனிடமும் சொன்னேன், பதில் பேசவில்லை, கொடை என்றைக்கு என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை குழுவினரோடு முதல் பயிற்சி. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. குழுவில் எல்லோரும் ஆண்கள். அவர்களுடைய சுருதியில் பாடினால் எனக்குக் கீழே குரல் எடுபடவில்லை, என் சுருதிக்கு அவர்கள் வந்தால் பின்பாட்டு கத்தலாகிவிடும் என்று ஆர்மோனியம் வாசிப்பவர் சொல்கிறார். யார் யாருக்காக விட்டுக்கொடுப்பது?

அகத்தீஸ்வரம் வீசுகோல்

வில்லின் நடுவில் உட்காருகிறவரின் சுருதிதான் குழுவின் சுருதி. அந்த ஒரு மணி நேரமும் நடுவில் இருப்பது நீதான். ஆகவே உன் சுருதியை வைத்துக்கொள், பின்பாட்டுக்காரர்களைக் கீழ் ஸ்தாயியில் வாங்கிப் பாடச் சொல். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். குடத்தின் நாதமும் உன் சுருதியோடு ஒட்ட வேண்டும். அதனால் அவர்களிடம் இருக்கிற குடங்களை எல்லாம் தட்டிப் பார்த்து, பொருந்துகிற ஒன்றை அன்றைக்கே எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லிவிடு. சனிக்கிழமை போகும்போது சுருதிப்பெட்டியைக் கையோடு கொண்டு போ. செல்பேசியில் இருக்கும் சுருதியை நம்பாதே; குடமும் உடுக்கும் சேர்ந்து முழங்கினால் அது உன் காதுக்கே எட்டாது.